எடை வேறு, காலம் வேறு: குத்துச்சண்டைச் சாம்பியன்களை ஒப்பிடுவது எப்படி?

மேனி பக்கியாவ் எட்டு எடைப்பிரிவுகளில் பட்டம் வென்றவர். ஹென்றி ஆம்ஸ்ட்ராங் வென்றது மூன்றில்தான். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் விவாதம் அங்கேயே முடிந்துவிடும். ஆனால் ஆம்ஸ்ட்ராங் ஆடிய 1930-களில் மொத்தமே எட்டுப் பிரிவுகள்தான் இருந்தன. 1937 அக்டோபரில் ஃபெதர்வெயிட், 1938 மே மாதம் வெல்டர்வெயிட், அதே ஆகஸ்டில் லைட்வெயிட் என்று பத்து மாதத்துக்குள் மூன்று பட்டங்களைப் பிடித்து, மூன்றையும் ஒரே நேரத்தில் கையில் வைத்திருந்தார். இன்று ஆண்கள் தொழில்முறைக் குத்துச்சண்டையில் 17 பிரிவுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் நான்கு பெரிய அமைப்புகள் தனித்தனியாகப் பட்டம் தருகின்றன. அன்றைய மூன்றும் இன்றைய எட்டும் ஒரே தராசில் நிற்காது.

பெல்ட்டை, அதாவது பட்டத்தின் அடையாளமாகத் தரும் இடுப்புப் பட்டையை, எண்ணுவதை விட்டுவிட்டு, ‘யாரை, எப்போது, எந்த எடையில் வென்றார்’ என்று கேட்கப் பழகுங்கள். கீழே இருக்கும் படிகள் எல்லாம் அந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்பதற்குத்தான்.

படி 1: எந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறீர்கள்?

‘யார் பெரியவர்’ என்ற கேள்விக்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. வாழ்நாள் முழுக்க அதிகம் சாதித்தவர் யார்? உச்சத்தில் இருந்தபோது திறமையில் மேலானவர் யார்? இருவரையும் ஒரே ரிங்கில் விட்டால் ஜெயிப்பவர் யார்? வெவ்வேறு எடைக்காரர்கள் என்றால் மூன்றாவது கேள்விக்குப் பொருளே இல்லை. 105 பவுண்டு ரிக்கார்டோ லோபஸால் எல்லாவற்றுக்கும் மேல் பிரிவான ஹெவிவெயிட்டின் ஆள் ஒருவரை வீழ்த்த முடியாது. அதனால் லோபஸின் 51 வெற்றி, தோல்வியே இல்லை, ஒரே ஒரு டிரா என்ற கணக்கு சிறியதாகிவிடாது. முதல் இரண்டில் ஒன்றைத் தேர்ந்து தாளின் தலையில் எழுதிவிடுங்கள். நண்பர்களுக்குள் நடக்கும் சண்டைகளில் பாதி, ஒருவர் முதல் கேள்வியையும் மற்றவர் இரண்டாவதையும் மனத்தில் வைத்துப் பேசுவதால் வருவது.

படி 2: ஆளுக்கு ஒரு தாள்

பாக்ஸ்ரெக் இணையதளத்தில் ஒவ்வொரு வீரரின் முழுப் பட்டியலும் கிடைக்கும். அத்தனையையும் எடுத்தெழுத வேண்டாம். சுகர் ரே ராபின்சனுக்கு 200 சண்டை வரை போகும். மூன்று வகையை மட்டும் எடுங்கள்: ஒவ்வொரு பிரிவிலும் முதன்முதலில் பட்டம் வென்ற சண்டை, மிகச் சிறந்த ஐந்தாறு வெற்றிகள், உச்சக் காலத்தில் வந்த எல்லாத் தோல்விகளும். பத்துப் பன்னிரண்டு வரி போதும். ஒவ்வொரு வரியிலும் தேதி, எதிராளி, அன்று இருவரின் வயது, தராசில் இருவரும் காட்டிய எடை, பந்தயத்தில் இருந்த பட்டம், முடிவு ஆகியவை இருக்கட்டும். எடைப் பத்தியை விட்டுவிடாதீர்கள். ஏமாற்றும் இடம் அதுதான்.

கண்காட்சிச் சண்டைகள் கணக்கில் சேராது. 1980-இல் முகமது அலி சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸுடன் மோதியதைப் பார்த்தவர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள்; பதிவேட்டில் அதற்கு இடமில்லை. இன்னொரு சிக்கல் 1920-க்கு முந்தைய பதிவுகள். அமெரிக்காவின் பல இடங்களில் அப்போது நடுவர் தீர்ப்பு சொல்லச் சட்டம் அனுமதிக்கவில்லை. மறுநாள் பத்திரிகை நிருபர்கள் யார் ஜெயித்தார் என்று எழுதியதே முடிவாகக் கொள்ளப்பட்டது. ஒரே வீரருக்கு இரண்டு இடங்களில் இரண்டு விதமான கணக்கைக் கண்டால், பெரும்பாலும் இதுதான் காரணம்.

படி 3: பவுண்டைச் சதவீதமாக்குங்கள்

ஒரு பிரிவு ஏறுவது என்றால் எல்லா இடத்திலும் ஒரே உயரம் இல்லை. மேல் எடையிலிருந்து கீழ் எடையைக் கழித்து, கீழ் எடையால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். 112-லிருந்து 115 பவுண்டுக்குப் போவது 2.7 சதவீதம். 140-லிருந்து 147-க்கு 5 சதவீதம். 175-லிருந்து 200-க்கு, அதாவது லைட் ஹெவியிலிருந்து க்ரூஸர்வெயிட்டுக்கு, 14.3 சதவீதம். கீழ்ப்பகுதியில் நான்கு பிரிவு ஏறினாலும் அந்த ஒரு தாண்டலுக்கு ஈடாகாது.

ஆம்ஸ்ட்ராங் 126-லிருந்து 147 வரை ஏறியது 16.7 சதவீதம். அதே தூரத்தில் இன்று ஃபெதர், சூப்பர் ஃபெதர், லைட், சூப்பர் லைட், வெல்டர் என ஐந்து பிரிவுகள் நிற்கின்றன. அவருக்கு இருந்தது மூன்று, மூன்றையும் எடுத்தார்.

பிரிவின் பெயரை வைத்துக் கணக்குப் போட்டால் பிழை வரும். தராசு எடையை வைத்துப் போடுங்கள். பக்கியாவ் 1998-இல் 112 பவுண்டு ஃப்ளைவெயிட் சாம்பியன். 2010-இல் 154 பவுண்டு சூப்பர் வெல்டர் பட்டம் வென்றார். பெயர்ப்படி 37.5 சதவீதம். ஆனால் அந்தோனியோ மார்கரிட்டோவுடன் நடந்த அந்தச் சண்டைக்கு ஒப்பந்த எடை 150. பக்கியாவ் தராசில் காட்டியது சுமார் 145. ஆக உண்மையான ஏற்றம் 29 சதவீதத்துக்குச் சற்று மேல். இதுவும் அசாதாரணமானதுதான். சண்டை இரவில் மார்கரிட்டோ அவரைவிடப் பதினைந்து பவுண்டுக்கும் மேல் கனமாக இருந்தார் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். எடைப் பத்தி ஒருவரின் பெருமையைக் குறைக்கவும் செய்யும், கூட்டவும் செய்யும்.

இப்படி இருவரும் பேசி வைத்துக்கொள்ளும் இடைப்பட்ட எடைக்குக் கேட்ச்வெயிட் என்று பெயர். அதில் மிக மோசமான உதாரணம் 1988 நவம்பரில் சுகர் ரே லெனர்ட், டானி லலோண்டுடன் மோதியது. லலோண்டு 175 பவுண்டு லைட் ஹெவி சாம்பியன். ஆனால் சண்டை 168 பவுண்டுக்கு ஒப்பந்தமானது. காலியாக இருந்த சூப்பர் மிடில் பட்டமும் அதோடு சேர்த்து வைக்கப்பட்டது. லெனர்ட் ஜெயித்தார், ஒரே இரவில் இரண்டு பிரிவுப் பட்டங்கள் கைக்கு வந்தன. 168-க்கு மேல் யாரும் எடை காட்டாத சண்டையில் கிடைத்த 175 பவுண்டுப் பட்டத்தைத் தாளில் அடைப்புக்குள் போடுங்கள். இதற்கு நேரெதிர், 2025 செப்டம்பரில் டெரன்ஸ் கிராஃபர்டு செய்தது. 135 பவுண்டில் முதல் பட்டம் வென்றவர் 168-க்குப் போய், சலுகை எடை எதுவும் இல்லாமல், நான்கு பெல்ட்டும் வைத்திருந்த கனெலோ அல்வாரஸைப் புள்ளிகளில் வென்றார். இருவரும் தராசில் காட்டியது 167.5 பவுண்டு. அதை முழு மதிப்போடு எழுதலாம்.

படி 4: பெல்ட்டுகளைத் தரம் பிரியுங்கள்

டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓ என நான்கு அமைப்புகள். இவற்றில் டபிள்யூபிஏ ஒரே பிரிவில் ‘சூப்பர்’ சாம்பியனையும் ‘ரெகுலர்’ சாம்பியனையும் தனித்தனியாக அறிவித்த காலம் உண்டு. ‘இன்டரிம்’ என்ற இடைக்காலப் பட்டமும் உண்டு. ஆகவே ‘உலக சாம்பியன்’ என்று அறிவிப்பாளர் முழங்குவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மேலே நிற்பவர் நான்கையும் ஒன்றாக வைத்திருந்தவர். அடுத்து, பிரிவின் முதல் ஆள் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட சாம்பியனையே வீழ்த்தியவர். அதற்கும் கீழே ஒரு பெல்ட் வைத்திருந்தவரை வென்றவர். கடைசியில், காலியாகக் கிடந்த பெல்ட்டை எடுத்தவர்.

பக்கியாவின் எட்டையும் இந்தச் சல்லடையில் போட்டுப் பாருங்கள். 2003-இல் மார்கோ அந்தோனியோ பரேராவை அவர் 11-ஆம் சுற்றில் நிறுத்தியபோது (மேலே ஆட முடியாதபடி சண்டையை முடித்தபோது) நான்கு அமைப்புகளின் பெல்ட் எதுவும் பந்தயத்தில் இல்லை. ஆனால் பரேராதான் அன்றைய ஃபெதர்வெயிட்டின் உண்மையான முதல் ஆள். அது அவருடைய பெரிய வெற்றிகளில் ஒன்று. மார்கரிட்டோவிடம் கிடைத்ததோ காலிப் பட்டம்.

ராய் ஜோன்ஸ் ஜூனியர் 2003 மார்ச்சில் ஜான் ருயிஸை வென்று ஹெவிவெயிட் பட்டம் பிடித்தார். தராசில் ஜோன்ஸ் 193, ருயிஸ் 226. மிடில்வெயிட் சாம்பியனாக இருந்த ஒருவர் ஹெவிவெயிட் பட்டம் பிடித்தது, 1897-இல் பாப் ஃபிட்ஸ்சிம்மன்ஸ் செய்த பிறகு அதுவே முதல் முறை. துணிச்சலுக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். ஆனால் அன்று ஹெவிவெயிட்டின் முதல் ஆள் லெனாக்ஸ் லூயிஸ். ருயிஸ் ஒரு பெல்ட்காரர். இரண்டையும் ஒரே வரியில் எழுதிவைத்தால்தான் தாள் நேர்மையாக இருக்கும்.

பெல்ட் இல்லாததால் மறந்துபோகும் ஆட்களும் உண்டு. எஸ்ஸார்டு சார்ல்ஸ் லைட் ஹெவிவெயிட்டின் வரலாற்றிலேயே தலைசிறந்தவர் என்பது பலரின் முடிவு. பின்னாளில் அந்தப் பிரிவின் சாம்பியனான ஆர்ச்சி மூருடன் மூன்று முறை மோதி மூன்று முறையும் வென்றவர். அந்தப் பிரிவில் அவருக்குப் பட்டமே கிடையாது, ஏனென்றால் வாய்ப்பே தரப்படவில்லை. பெல்ட்டை எண்ணுகிறவருக்கு அங்கே சார்ல்ஸின் மதிப்பு பூஜ்யம். இந்த ஓர் உதாரணம் போதும், பெல்ட் எண்ணிக்கை எவ்வளவு மோசமான அளவுகோல் என்று காட்ட.

படி 5: எதிராளியை எடை போடுங்கள்

உங்கள் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள். ஒவ்வொரு பெரிய வெற்றிக்கும் நான்கு விஷயங்களைப் பாருங்கள். எதிராளிக்கு அன்று என்ன வயது? அதற்கு முந்தைய ஐந்தாறு சண்டைகளில் எப்படி ஆடினார்? அது அவருடைய இயல்பான எடையா? அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார்?

லாரி ஹோம்ஸ் 1980-இல் அலியை வென்றார். அலிக்கு வயது 38, இரண்டு ஆண்டுகள் ரிங்கில் ஏறாதவர். பெயர் பெரியது, வெற்றி சிறியது. ராக்கி மார்சியானோ 1951-இல் ஜோ லூயிஸை நிறுத்தியபோது லூயிஸுக்கு 37. அதையும் அப்படித்தான் எழுத வேண்டும். நான்காவது கேள்வி பலருக்குத் தோன்றாது. தோற்றவர் அதன் பிறகும் பெரிய ஆட்களை வென்றிருந்தால், அந்த வெற்றியின் மதிப்பு பின்னோக்கிக் கூடும். 1993-இல் ஜோன்ஸிடம் புள்ளிகளில் தோற்ற பெர்னார்டு ஹாப்கின்ஸ், பிறகு மிடில்வெயிட் பட்டத்தை 20 முறை தக்கவைத்தார். ஜோன்ஸின் தாளில் அந்த வரி இன்று தங்கம்.

தோல்வியே இல்லாத கணக்கைப் பார்த்து மயங்க வேண்டாம். ஃபிளாய்ட் மேவெதரின் 50-0-இல் (50 வெற்றி, தோல்வி இல்லை) ஐம்பதாவது கோனார் மெக்ரெகர். அவருக்கு அதுதான் முதல் தொழில்முறைக் குத்துச்சண்டை. அதை நீக்கிவிட்டாலும் மேவெதரின் தாள் கனமாகவே இருக்கும். ஆனால் 2002 ஏப்ரலில் ஹோசே லூயிஸ் காஸ்டியோவுடன் நடந்த முதல் சண்டையில் காஸ்டியோதான் ஜெயித்தார் என்று நினைத்தவர்கள் ஏராளம். அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். அதே ஆண்டு டிசம்பரில் மறுபடி மோதி வென்றார் என்பதையும் எழுதுங்கள்.

நாக் அவுட் சதவீதத்தைப் பிரிவு தாண்டி ஒப்பிடாதீர்கள். எடை கூடக் கூட ஒரே குத்தில் முடிகிற சண்டைகள் கூடும். மார்சியானோவின் 49-இல் 43 நாக் அவுட்டை வில்லி பெப்பின் 229 வெற்றிகளில் 65 நாக் அவுட்டோடு வைத்துப் பார்த்தால், பெப் ஏதோ சாதாரண ஆள் என்று தோன்றும். தொடவே முடியாத கால்வேகம் கொண்ட ஃபெதர்வெயிட் அவர்.

படி 6: தோல்வி எப்போது வந்தது?

சுகர் ரே ராபின்சனுக்கு 19 தோல்விகள். எண்ணைப் பார்த்ததும் புதியவர்கள் முகம் சுளிப்பார்கள். தேதிகளைப் பாருங்கள். 1951 ஜூலை வரை, 130 சண்டைகளுக்கு மேல் ஆடிய நிலையில், தோல்வி ஒன்றே ஒன்று. அதுவும் 1943-இல் தன்னைவிடச் சுமார் 16 பவுண்டு கனமான ஜேக் லமோட்டாவிடம். 19-இல் 10 தோல்விகள் நாற்பது வயதைத் தாண்டிய பிறகு வந்தவை. ஜோன்ஸும் அப்படித்தான்: 2004 தொடக்கத்தில் 49 வெற்றி, ஒரு தோல்வி, கடைசியில் 66 வெற்றி, 10 தோல்வி.

தாளில் உச்சக் காலத்துக்கு ஒரு கோடு போட்டுப் பிரியுங்கள். கோட்டுக்குப் பிறகு வந்த தோல்விகள் பெரிதாகக் குறைக்கக் கூடாது. அதே வயதில் வந்த பெரிய வெற்றிகள் மட்டும் கூட்டலாம். கோட்டை எங்கே போடுவது என்பதில்தான் கட்சி கட்டுவார்கள். விருப்பமான வீரருக்கு முதல் தோல்விக்கு முந்தைய நாளே உச்சம் முடிந்துவிடும்! இருவருக்கும் ஒரே விதியை வையுங்கள்: தொடர்ந்து இரண்டு சண்டைகளில் வேகமோ தாங்கும் சக்தியோ குறைந்தது தெரிந்தால் அங்கே கோடு.

படி 7: காலத்தின் விதிகளைச் சரிசெய்யுங்கள்

1980-களின் நடுப்பகுதி வரை சண்டை நாளன்று காலையில்தான் எடை பார்ப்பார்கள். இப்போது முந்தைய நாளே பார்த்துவிடுகிறார்கள். உடலின் நீரை வற்றவைத்து எடையைக் காட்டிவிட்டு, மறுநாள் பத்துப் பதினைந்து பவுண்டு கூடி ரிங்குக்கு வருவது சகஜம். ஆகவே 1950-இன் 147 பவுண்டு வெல்டர்வெயிட்டை இன்றைய 135 அல்லது 140 பவுண்டுக்காரரின் உடம்போடு ஒப்பிடுவதே பொருத்தம்.

அடுத்தது சுற்றுகள். 1982-இல் ரே மன்சினியுடன் மோதிய கொரிய வீரர் கிம் டுக்-கூ இறந்த பிறகு, பட்டச் சண்டைகள் 15 சுற்றிலிருந்து 12-க்குப் படிப்படியாகக் குறைந்தன. அந்த மூன்று சுற்றுகள் எத்தனை வரலாற்றை மாற்றியிருக்கின்றன என்று பாருங்கள். 1952-இல் ஜெர்சி ஜோ வால்காட் மூன்று நடுவர்களின் கணக்கிலும் முன்னணியில் இருந்தார். 13-ஆம் சுற்றில் மார்சியானோவின் வலது கைக் குத்தில் வீழ்ந்தார். 12 சுற்று விதி என்றால் 49-0 என்ற புகழ்பெற்ற கணக்கே இருந்திருக்காது. 1981-இல் லெனர்ட், தாமஸ் ஹெர்ன்ஸை 14-ஆம் சுற்றில் நிறுத்தினார். அதுவரை மூன்று கணக்கிலும் முன்னால் நின்றவர் ஹெர்ன்ஸ். மறுபக்கம் ராபின்சன். 1952 ஜூனில் யாங்கி ஸ்டேடியத்தின் கொடும் வெக்கையில், 157.5 பவுண்டுடன் 173 பவுண்டு ஜோயி மேக்சிமை அவர் தெளிவாக வென்றுகொண்டிருந்தார். நடுவரே பத்தாம் சுற்றோடு தளர்ந்துபோய் மாற்றப்பட்டார். 13-ஆம் சுற்று முடிந்ததும் ராபின்சனால் எழ முடியவில்லை. இன்றைய விதியில் அது அவருக்கு மூன்றாவது பிரிவுப் பட்டம்.

இதற்காக முடிவுகளை மாற்றி எழுதச் சொல்லவில்லை. அன்றைய விதி எல்லோருக்கும் பொது. ஆனால் 12 சுற்றுக்காரரின் தாங்கும் திறனைப் பற்றிப் பேசும்போது, அது அந்தக் கடைசி மூன்றில் சோதிக்கப்படவில்லை என்பது நினைவில் இருக்கட்டும். பெண்கள் சண்டைகளுக்கு வேறு தாள் வையுங்கள். பெரும்பாலான பட்டச் சண்டைகள் இரண்டு நிமிடச் சுற்றுகள் பத்து.

படி 8: படத்தைப் பாருங்கள்

தாளில் குறித்த வரிகளில் மூன்றையாவது யூடியூபில் முழுதாகப் பாருங்கள். வர்ணனையின் ஒலியை நிறுத்திவிடுங்கள். வர்ணனையாளரின் விருப்பம் உங்கள் கண்ணுக்குள் புகுந்துவிடும். தொகுப்புக் காட்சிகள் வேண்டாம், அவற்றில் எல்லோரும் மேதைகள். அடி வாங்கிய பிறகு அடுத்த முப்பது வினாடி என்ன செய்கிறார், பத்தாம் சுற்றுக்குப் பிறகு கால் எப்படி நகர்கிறது என்ற இரண்டையும் கவனித்தாலே போதும். சிலருக்குப் படமே இல்லை. பின்னாளில் ஹெவிவெயிட் சாம்பியனான ஜீன் டன்னியை அவர் வாழ்நாளில் வென்ற ஒரே ஆளான ஹாரி கிரெப் சண்டையிடும் காட்சி ஒன்றுகூட இன்று கிடையாது. அவரைத் தாளை வைத்து மட்டுமே மதிப்பிட முடியும்.

ஒரு முழு உதாரணம்: டுரானும் ஹாக்லரும்

1983 நவம்பரில் இருவரும் நேருக்கு நேர் மோதினார்கள். 15 சுற்றுகளில் ஹாக்லர் ஒருமனதாக, ஆனால் மிக நெருக்கமான புள்ளிகளில் ஜெயித்தார்: 144-142, 144-143, 146-145. அப்படியானால் ஹாக்லர்தான் பெரியவரா? தாளைப் போட்டுப் பார்ப்போம். கேள்வி: வாழ்நாளில் அதிகம் சாதித்தவர் யார்?

மார்வின் ஹாக்லர்: 62 வெற்றி, 3 தோல்வி, 2 டிரா. ஒரே பிரிவு, 160 பவுண்டு. 1980-இல் லண்டனில் ஆலன் மின்டரை மூன்றாம் சுற்றில் நிறுத்திப் பட்டம் பிடித்தார். 12 முறை தக்கவைத்தார். 1976-இல் வந்த இரண்டு தோல்விகளுக்கும் பிறகு பழிதீர்த்தார். கடைசித் தோல்வி 1987-இல் லெனர்டிடம், நடுவர்கள் பிரிந்த தீர்ப்பு, இன்றும் ஓயாத சர்ச்சை. சிறந்த வெற்றி 1985-இல் ஹெர்ன்ஸை மூன்றாம் சுற்றில் வீழ்த்தியது. ஆனால் படி 5-இன் மூன்றாவது கேள்வியைக் கேளுங்கள்: ஹெர்ன்ஸ், டுரான் இருவருமே கீழ் எடையிலிருந்து ஏறி வந்தவர்கள். முஸ்தாபா ஹம்ஷோ, டோனி சிப்சன் போன்ற இயல்பான மிடில்வெயிட்டுகளையும் அவர் துவைத்தெடுத்தார். அவர்கள் வலுவானவர்கள், ஆனால் மாபெரும் வீரர்கள் அல்லர்.

ராபர்ட்டோ டுரான்: 103 வெற்றி, 16 தோல்வி. 1972-இல் கென் புக்கானனை வென்று லைட்வெயிட் பட்டம். இவரும் 12 முறை தக்கவைத்தார். எஸ்தபான் தே ஹெசூஸிடம் பட்டம் இல்லாத சண்டையில் தோற்று, பிறகு இரண்டு முறை நாக் அவுட் செய்தார். 1980 ஜூனில் மான்ட்ரியாலுக்குப் போகும்போது 71 வெற்றி, ஒரு தோல்வி. அங்கே தோல்வியே அறியாத, இயல்பான வெல்டர்வெயிட்டான லெனர்டை 147 பவுண்டில் வென்றார். குத்துச்சண்டையில் எடை ஏறி எடுத்த வெற்றிகளில் இதற்கு மேல் வைக்க ஒன்றிரண்டுதான் தேறும். ஐந்தே மாதத்தில், நவம்பர் மறுசண்டையில், எட்டாம் சுற்றில் திரும்பி நின்று ஆட மறுத்தார். வயது 29, உச்சக் காலம். கோட்டுக்கு முன்னால்தான் இந்த வரி வரும், முழுதாகக் கழிக்கவும் வேண்டும். 1984-இல் ஹெர்ன்ஸிடம் இரண்டாம் சுற்றில் விழுந்ததும் அங்கேதான். பிறகு 1989: 37 வயதில், ஹெர்ன்ஸை மூன்று சுற்றில் வீழ்த்தியிருந்த இரான் பார்க்லியை மிடில்வெயிட்டில் கீழே தள்ளிப் பட்டம் பிடித்தார். 135-லிருந்து 160, 18.5 சதவீதம்.

இப்போது 1983 சண்டை வேறு மாதிரித் தெரியும். 32 வயதான, லைட்வெயிட்டாக வளர்ந்த ஒருவர், உச்சத்தில் இருந்த மிடில்வெயிட் சாம்பியனோடு 15 சுற்று ஆடி, இரண்டு நடுவர்களின் கணக்கில் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் தோற்றார். தோற்ற வரி அவர் தாளில் கூட்டலாக நிற்கிறது. வாழ்நாள் சாதனையில் டுரான் மேலே என்பது எங்கள் தீர்ப்பு. கேள்வியை மாற்றி, உச்சத்தில் தன் இயல்பான எடையில் யார் நம்பகமானவர் என்று கேட்டால், எட்டாம் சுற்றில் ஒருநாளும் திரும்பி நிற்காத ஹாக்லரை எடுப்போம்.

இன்னும் ஆடிக்கொண்டிருப்பவர்களுக்குத் தாளைப் பென்சிலால் எழுதுங்கள். நவோயா இனோவே 118, 122 இரண்டிலும் நான்கு பெல்ட்டையும் சேர்த்தவர். ஒலெக்சாண்டர் உசிக் க்ரூஸர்வெயிட்டில் 2018-இலும் ஹெவிவெயிட்டில் 2024-இலும் அதையே செய்தார்; 200-க்கு மேல் எடைக்கு வரம்பே இல்லாததால், டைசன் ஃப்யூரியைவிட முப்பது பவுண்டுக்கும் மேல் குறைந்த எடையோடு ஏறி வென்றார். இருவரிடமும் தோற்றவர்கள் இனி என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் படி 5-இன் நான்காவது பதில் மாறும். ஆண்டுக்கு ஒருமுறை தாளை எடுத்துத் திருத்துங்கள்.